ஏழாம் எண் மோட்டாரின் உண்மை வரலாறு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். பத்து வருடம் கழித்துப் படித்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் வலது கையை டெஸ்ட் பெஞ்சின் மேல் வைத்து உறுதி கூறுகிறேன். (மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். நான் மகான், மடையன் அல்ல.)

விஷயம் இதுதான். காலை பத்து மணிக்கு அக்கா மகள், அதாவது எங்கள் மோட்டார் கம்பெனியின் இன்றைய முதலாளியம்மா, தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அறுபத்து நாலு வயது டெஸ்டிங் தலைவனை இப்படிக் காலையிலேயே கூப்பிட்டால் ஒன்று விருது, அல்லது திட்டு. இரண்டுமில்லை.

"மாமா, ஏப்ரல் பன்னெண்டாம் தேதி கம்பெனிக்கு நாப்பது வயசு. விழா எடுக்கறோம். கம்பெனி வரலாறுன்னு ஒரு சின்னப் புத்தகமும் போடறோம். ஆரம்பத்துல இருந்து இருக்கறது அப்பாவும் நீங்களும்தான். அப்பா பேசமாட்டார். உங்களால பேசாம இருக்க முடியாது. அதனால நீங்கதான் எழுதறீங்க."

"எத்தனை தொகுதி?"

"இருபது பக்கம்."

"இருபது பக்கத்துல என் இடது கையப் பத்தி மட்டும்தான் சொல்ல முடியும்."

"மாமா, நடந்தத மட்டும் எழுதுங்க. மோட்டார் வாங்கறவங்க படிப்பாங்க. நடந்தத மட்டும்."

'மட்டும்' என்பதை இரண்டாவது முறை சொல்லும்போது பேனாவால் மேசையைத் தட்டினாள். அப்படியே அவள் அம்மா.

மார்ச் 4, செவ்வாய்

முதல் அத்தியாயம் முடிந்தது. காவியம் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் என் அத்தான், அக்காவின் கணவர், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், 'அடுத்தவன் மோட்டாருக்கே எத்தனை நாள் வைத்தியம் பாக்கறது, நாமே ஒண்ணு பெத்துப் போடுவோம்' என்று முடிவெடுத்தார். இதுவரை உண்மை. இதற்குப் பிறகுதான் நான் உழைத்திருக்கிறேன்.

முதல் மோட்டாரை நாங்கள் ஓட்டியபோது கொட்டகை மூன்றடி வடக்கே நகர்ந்தது. சைக்கிள் கடைக்காரர் மறுநாள் காலையில் வந்து கதவைத் தேடினார். இரண்டாவது மோட்டார் அவ்வளவு அமைதி. வாங்கியவர் ஓடவே இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் ஓடிக்கொண்டேதான் வந்து சேர்ந்தது. மூன்றாவது மோட்டார் மாவு மில்லுக்குப் போய்த் தலைகீழாகச் சுற்றியது. மேலே மாவைக் கொட்டினால் கீழே முழுக் கோதுமையாக வந்தது. விவசாயிகள் திரண்டு வந்து மில்லை முற்றுகையிட்டார்கள்.

வரலாறு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

முதலாளியம்மாவிடமிருந்து அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மை. கொட்டகை நகர்ந்த இடத்தில் "மாமா?" கோதுமை வந்த இடத்தில் "மாமா!!" பதினோரு பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு 'சரி' போட்டிருக்கிறாள்: 'கம்பெனி ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது.'

அதுகூட மார்ச்சோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. முதலாளியம்மா நோட்டும் பேனாவுமாக வந்திருந்தாள். நான் சரிப்படமாட்டேன் என்று நேராக அப்பாவிடமே கேட்டுவிடத் தீர்மானம்.

அத்தானுக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு நாளைக்கு நாற்பது சொல் என்று தனக்குத்தானே ரேஷன் வைத்துக்கொண்ட மனிதர். சாப்பாட்டு நேரத்தில் அதில் பாதி அக்காவிடம் 'போதும், போதும்' என்று சொல்வதிலேயே தீர்ந்துவிடும். இன்று என்னவோ தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"முதல் பெரிய ஆர்டர்ல ஒரு மோட்டார் தலைகீழா ஓடுச்சு. அத எழுது."

"எதுப்பா?"

"குடிதண்ணி நிலையத்துக்குப் பத்து மோட்டார் குடுத்தோம். ஒண்ணு தலைகீழா ஓடி பம்ப உடைச்சிடுச்சு. முனைக்குக் குறி போட்டது நான். தப்பு என்னுது. அதையும் எழுது."

பேனா நின்றது. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். எனக்குப் புரையேறி, அக்கா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"விழாவுல என்னைப் பேசச் சொன்னியே," என்றார் அத்தான். "பேசறேன். தண்ணி நிலையத்துலேருந்தும் ஆளுங்க வருவாங்கல்ல? அவங்க முன்னாடி இத ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

எண்ணிப் பார்த்தேன். இன்றைய ரேஷன் எப்போதோ தாண்டிவிட்டது. நாற்பது வருடமாகச் சேர்த்துவைத்திருக்கிறார் போல.

மார்ச் 10, திங்கள்

நாலு இல்லை. ஏழு.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதிய ஒரு வரியைக் காலையிலிருந்து நாலு தடவை திறந்து பார்த்தாயிற்று. மை காய்ந்துவிட்டது. அழியாது. சரி, மிச்சத்தையும் எழுதிவிடு.

மோட்டாரிலிருந்து மூன்று முனைகள் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் யூ, வி, டபிள்யூ என்று சின்ன அட்டை கட்டுவோம். எந்த முனையை எதோடு சேர்க்க வேண்டும் என்று வாங்கியவருக்கு அந்த அட்டைதான் சொல்லும். மூன்றில் இரண்டு அட்டை இடம் மாறினால் மோட்டாருக்கு ஒரு கெடுதலும் இல்லை. முழு உற்சாகத்தோடு எதிர்த்திசையில் ஓடும். என்னைப் போல.

அந்தப் பத்து மோட்டார்களில் ஒன்றிலிருந்து ஐந்துவரை அத்தான் குறி போட்டார். ஆறிலிருந்து பத்துவரை நான். அந்தக் காலத்தில் எங்கள் வழக்கம் ஒரு வினோதம்: முதலில் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் அட்டை கட்டுவோம். எல்லாம் சரியாக ஓடியது என்று மனநிறைவோடு தப்பாகக் கட்டலாம். ஏழாம் எண்ணுக்கு நான் அட்டை கட்டியபோது கம்பி சுற்றுகிறவர்கள் ஆறு பேர் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். நான் ஆற்றில் முதலையோடு மல்லுக்கட்டிய கதை நடந்துகொண்டிருந்தது. (அங்கே ஆறே கிடையாது.) முதலை வாயைத் திறந்த கட்டத்தில் வி-யும் டபிள்யூ-வும் இடம் மாறின.

தண்ணீர் நிலையத்துப் பம்பில் உள்ளே சுழலும் சக்கரம் மரை போட்டுத் திருகியது. எதிர்த்திசையில் சுற்றினால் தானாகக் கழன்றுவிடும். கழன்றது. மேல்கூட்டில் மோதியது. கூடு பிளந்தது. நாலு நாள் தண்ணீர் இல்லை.

மோட்டாரைப் பார்த்துவர நான்தான் போனேன். பெயர்த்தகட்டில் எண் ஏழு. அட்டை என் எழுத்து. அங்கேயே மாற்றிக் கட்டிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன். அத்தான் வாடகை லாரியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றி வீடு வீடாக ஊற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே கேள்வி கேட்டார்.

"எந்த நம்பர்?"

முதலைக்குப் பத்தடி நீளம் கொடுத்த வாய் இது. கொட்டகையை நகர்த்திய வாய். அன்றைக்கு அது சொன்னது ஒரே ஒரு சொல், அலங்காரம் எதுவும் இல்லாமல்:

"நாலு."

என் வாழ்க்கையிலேயே நான் விட்ட மிகச் சிறிய கதை அதுதான்.

அத்தான் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைய இனிமே நம்ப முடியாதுடா. பெஞ்ச நீ பாத்துக்க" என்றார். மறுநாளிலிருந்து அவர் முன் அறைக்கு, வரைபடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் போய்விட்டார். நான் இருபத்து நாலு வயதில் டெஸ்டிங் தலைவன் ஆனேன்.

தப்பு செய்தவனுக்குப் பதவி உயர்வு கொடுத்த ஒரே கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். வரலாற்றில் இதையும் சேர்க்கலாம்.

மார்ச் 12, புதன்

எனக்கு வக்கீல் நானே: அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலில் அட்டை, அப்புறம் ஓட்டம் என்று முறையை மாற்றினேன். சுற்றும் திசையை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெஞ்சைச் சுற்றி மஞ்சள் கோடு; கோட்டுக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நாற்பது வருடத்தில் ஒரு மோட்டார்கூடத் தலைகீழாகப் போகவில்லை.

எனக்கு நீதிபதியும் நானே: சரி. அவரிடம் சொன்னாயா?

மார்ச் 14, வெள்ளி

முதலாளியம்மாவின் அறை. அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடலாம் என்று ராஜதந்திரத்தோடு ஆரம்பித்தேன்.

"தலைகீழா ஓடற மோட்டார்னு புத்தகத்துல போட்டா வாங்க வந்தவனும் தலைகீழா ஓடிடுவான்மா."

"போன வாரம் மாவுலேருந்து கோதுமை எடுத்தவர் பேசற பேச்சா இது?"

"அது இலக்கியம்."

"இது நடந்தது மாமா. அப்பா தண்ணி ஏத்திட்டுப் போன லாரி எனக்கே லேசா ஞாபகம் இருக்கு. டிரம் மேல என்னை உக்கார வெச்சிருந்தார். ஊர்வலம்னு நினைச்சு எல்லாருக்கும் கை காட்டிட்டே போனேன்." சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "அப்பா ஏன் பெஞ்ச் பக்கமே வரமாட்டார்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. கேட்டா, வேலை இருக்குன்னுடுவார். ஒரு மனுஷன் தன் தப்ப தானே மேடையில சொல்றார். புத்தகத்துக்கு இதுதான் உயிர். எடுக்கவே மாட்டேன்."

எழுந்தேன். கதவுவரை போனவனைக் கூப்பிட்டாள்.

"மாமா, அந்தக் கோதுமைக் கதை எனக்கு அஞ்சு வயசுலேருந்து சொல்றீங்க. அது இதிலேருந்துதான் வந்ததா?"

"இருக்கலாம்" என்றேன். மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. தலைகீழாக ஓடிய மோட்டாரைப் பற்றி யாரும் நிஜமாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே நாற்பது வருடமாக அதை வைத்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கெட்டிக்காரன்தான்.

மார்ச் 17, திங்கள்

அத்தான் மேடைப் பேச்சை மனப்பாடம் செய்கிறாராம். கண்ணாடி முன்னால் நின்று. அக்கா ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "'தப்பு என்னுது'ங்கற இடத்துல மட்டும் குரல் கம்மிடுதுடா. கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இப்படி நடுங்கல."

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். முடிவு செய்தாயிற்று. நாளைக்கு.

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன்.

சாயங்காலம் அக்கா வீட்டில் டீ. மூன்று பேரும் இருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அதுதான் முதல் தப்பு. எழுந்து நின்றால் எனக்குச் சொற்பொழிவு வந்துவிடும்.

"அந்த மோட்டாருக்குக் குறி போட்ட பாவி நான்தான்!" என்று ஆரம்பித்தேன். சரியான ஆரம்பம். அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று முகமும் என்னையே பார்த்தன. சும்மா இருக்குமா வாய்? முப்பதாயிரம் பேர் நாக்கு வறண்டு கிடந்தார்கள் என்றேன். பம்பு கூட்டைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் பறந்தது என்றேன். அது விழுந்த இடத்தில் இன்றைக்கும் பள்ளம் இருக்கிறது என்றேன். என் மனச்சாட்சி நாற்பது வருடமாக ஒவ்வொரு மணிக்கும் என்னைச் சாட்டையால் அடிக்கிறது என்றேன். அதில் கடைசி மட்டும் கிட்டத்தட்ட உண்மை. அதையும் யார் நம்புவார்கள், சாட்டையோடு சொன்னால்?

முடித்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பெரிய மனசுடா உனக்கு! அத்தானுக்கு மேடையில தலைகுனிவு வரக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறியே!"

முதலாளியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சோ ஸ்வீட் மாமா."

அத்தான் டீயைக் கீழே வைத்தார். "என் தப்ப நீ தூக்க வேணாம். உக்காரு. டீ ஆறுது."

உட்கார்ந்தேன். டீ ஆறித்தான் இருந்தது.

மார்ச் 19, புதன்

பொய் சொன்னேன், நம்பினார்கள். உண்மை சொன்னேன், பாராட்டினார்கள். இதற்குமேல் ஒரு மனிதன் என்னதான்யா செய்வான்?

மார்ச் 20, வியாழன்

பெஞ்சில் அட்டை கட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் மௌனி. இருபத்தாறு வருடமாக மஞ்சள் கோட்டுக்குள் இருக்கிறார். வெளியே வந்தாலும் பேச்சு வருவதில்லை. காதலைக்கூடத் தலையசைத்தே சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவர் என்று நான் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன்.

இன்று கோட்டுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு, செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுக்க அவரிடம் கொட்டினேன். அவர் பாட்டுக்கு யூ, வி, டபிள்யூ கட்டி முடித்தார். எழுந்தார். கோட்டைத் தாண்டி மூன்றடி வந்தார்.

"சார், பம்பு எவ்வளவு உசரம் பறந்துச்சுன்னு சொன்னீங்க?"

"தண்ணித் தொட்டி உசரம்."

"அதான்" என்றார். திரும்பிப் போய் அடுத்த மோட்டார் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 22, சனி

காலையிலிருந்து ஒரே ஒரு தாள். அலங்காரம் இல்லாமல் எழுதுவது என்பது இவ்வளவு கஷ்டமா! முதல் தடவை எழுதியதில் எப்படியோ ஒரு புயல் வந்துவிட்டது. அடித்தேன். மூன்றாவதில் ஒரு கிழவி சாபம் கொடுத்தாள். அடித்தேன். ஆறாவதில் 'என் நெஞ்சு' என்று ஆரம்பித்த வாக்கியம் பக்கத்தின் கீழ்வரை போனது. அதற்காக வருத்தப்பட்டேன், நல்ல வாக்கியம். அடித்தேன். எட்டாவதில் மிஞ்சியது இது:

'தண்ணீர் நிலையத்துக்குக் கொடுத்த பத்து மோட்டார்களில் தலைகீழாக ஓடியது எண் ஏழு. ஆறு முதல் பத்துவரை அட்டை கட்டியது நான். அப்போது பேசிக்கொண்டிருந்தேன். பம்பின் மேல்கூடு பிளந்தது. மூன்று தெருவுக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை. எந்த எண் என்று அத்தான் கேட்டார். நாலு என்று சொன்னேன். அது பொய்.'

படித்துப் பார்த்தால் யாரோ வேற்றாள் எழுதியது போல இருக்கிறது. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அத்தான் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. (இதை வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளவும்.)

படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எத்தனை பேருக்குத் தண்ணி இல்லாம போச்சு?"

"மூணு தெரு."

"செவ்வாக்கிழமை முப்பதாயிரம் பேருன்ன."

"மூணு தெருதான் அத்தான்."

"பம்பு?"

"எங்கயும் பறக்கல. இருந்த இடத்துலயே பிளந்துச்சு."

நாற்பது வருடத்தில் என் வாயிலிருந்து இவ்வளவு சின்னச் சின்ன எண்களை அவர் கேட்டதில்லை.

"அப்ப நெசந்தான்" என்றார்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

அக்கா ஃபோன். "என்னடா எழுதிக் குடுத்துத் தொலைச்ச? மனுஷன் அஞ்சு நாளா ரேடியோகூடக் கேக்கல. எதக் கேட்டாலும் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார்."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டேய். நீ அன்னிக்குச் சொன்னது நெசமாடா?"

"நெசம்கா."

வைத்துவிட்டாள். பெரிய மனசு என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். நியாயம்தான். நானும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஏப்ரல் 2, புதன்

அத்தான் வரச் சொன்னார். போனேன். எதிரே நாற்காலி போட்டிருந்தது. டீ இல்லை. அக்கா அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை. பாத்திரம் மட்டும் பேசியது.

"எனக்கு அது பிடிச்ச வேலைடா" என்றார்.

எந்த வேலை என்று நான் கேட்கவில்லை.

"வரைபடம், வாடிக்கையாளர், பேரம், இதெல்லாம் வேற வழியில்லாம பண்ணினேன். கொட்டகையில அந்த பெஞ்ச்தான் எனக்கு. ஒரு மோட்டார முடிச்சு, கட்டி, ஓட்டி, அது நிக்கறவரைக்கும் காது குடுத்துக் கேட்டுட்டு இருப்பேன். நாப்பது வருஷம் அந்தப் பக்கம் போகல. போனா கை தொட்டுடும்னு பயம்."

"மன்னிச்சிடுங்க அத்தான்."

"பாக்கலாம்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். சொன்னார்.

"அப்ப என்ன கதை சொல்லிட்டு இருந்த? அட்டை கட்டறப்ப?"

"முதலைக் கதை."

"அதுவா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, வேறெதுவுமா, எனக்குத் தெரியாது. இதில் நான் சேர்த்து எழுதத் தயாராக இல்லை.

ஏப்ரல் 5, சனி

முதலாளியம்மா இன்று என்னை உட்காரச் சொல்லவில்லை. அந்தத் தாள் அவள் மேசையில் விரித்து வைத்திருந்தது, மடிப்பு நாலும் தெரிய.

"அப்பாகிட்ட நாப்பது வருஷம், மாமா."

"ஆமாம்மா."

"அஞ்சு வயசுலேருந்து என்னைச் சிரிக்கவெச்சீங்க. இப்ப அதையெல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல எனக்கு." அவள் குரல் உடைந்தது, உடனே முதலாளியம்மா ஆகிவிட்டாள். "இந்தத் தாள் அப்படியே புத்தகத்துல வருது. உங்க கையெழுத்தோட. தண்ணி நிலையத்துக்காரங்களுக்கு ஒரு பிரதி தனியா அனுப்பறேன். இனிமே டெஸ்டிங் தலைவர் மௌனி. நீங்க அவருக்குக் கீழ. சம்மதமா?"

"அவர் உத்தரவு போடணும்னா வாயத் திறக்கணுமேம்மா."

சிரிக்கவில்லை. ஆனால் பேனாவால் மேசையைத் தட்டவும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

புதிய தலைவரிடம் ஆஜரானேன். வணக்கம் வைத்தேன். அவர் மஞ்சள் கோட்டைக் காட்டினார். வெளியே நின்றேன். எட்டு மணி நேரம். திசை பார்க்கும் இரண்டாவது ஆள் நான். இன்று முப்பத்தொரு மோட்டார், முப்பத்தொரு கையெழுத்து. ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வீட்டில் தாடை வலித்தது, உபயோகிக்காமல்.

ஏப்ரல் 12, சனி

விழா. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, தண்ணீர் நிலையத்திலிருந்து மூன்று பேர். புத்தகம் எல்லோர் மடியிலும். ஒன்பதாம் பக்கத்தில் என் தாள். முன் வரிசையில் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் தூண் ஒன்றோடு நெருங்கிய உறவு கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

கொட்டகை நகர்ந்தது, கோதுமை வந்தது எதுவும் புத்தகத்தில் இல்லை. இலக்கியத்துக்கு இழப்பு.

மேடையில் அத்தானைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலி. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். முதலாளியம்மா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்: "என்னடா நின்னுட்டு இருக்க, போய்த் தேடு."

தொழிற்கூடத்தில் யாரும் இல்லை. டெஸ்ட் பெஞ்சின் மேல் மட்டும் விளக்கு. அத்தான் விழாச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, மஞ்சள் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். முன்னால் திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய மோட்டார். மௌனி பக்கத்தில் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரலாற்றுக்காக எழுதுகிறேன். அவர் முதல் அட்டையைக் கட்டியபோது சூரியன் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது. இரண்டாவதைக் கட்டியபோது கூடத்தில் இருந்த நானூறு மோட்டார்களும் எழுந்து நின்றன. மூன்றாவதைக் கட்டி ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் எழுப்பிய நாதத்தில் விழாப் பந்தலில் ஒலிபெருக்கி வெட்கப்பட்டு நின்றுபோனது. ஏழு மாவட்டத்துப் பறவைகள் திசை திரும்பி அந்த அச்சு சுற்றிய பக்கமாகவே பறந்தன. நான் கோட்டுக்கு வெளியே நின்று திசையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபோது பேனாவிலிருந்து பொன் உதிர்ந்தது.

இவ்வளவிலும் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். மோட்டார் ஓடி நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அத்தான் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அடுத்தத எடுத்து வைடா. பேசாம."